பள்ளப் பக்கத்துக் கறுப்புப் புல்

மச்சான்,

நான் அன்றைக்கே சொன்னேன். கோதுமை முளைத்து விரலளவுகூட உயராத மார்கழி மாதம், உன் குசினியில் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பள்ளப் பக்கம் வாற ஆனியில கறுக்கும், இருந்து பார்" என்றேன். "உனக்கென்னெண்டடா தெரியும்?" என்று நீ சிரித்தாய். ஆனி வந்தது. கறுத்ததா, இல்லையா? இந்த லண்டனில் சம்பளம் வாங்கிக்கொண்டு வானிலை சொல்கிறவர்களுக்கு நாளை மழையா வெயிலா என்று தெரியாது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், ஆறு மாதத்துக்கு முன்னமே புல்லுக்குச் சாத்திரம் சொன்னேன். அது பரவும் என்றேன், பரவியது. முதலாளி பொறுமை இழப்பார் என்றேன், இழந்துவிட்டார். எல்லாம் நான் சொன்னபடியேதான் நடக்கிறது மச்சான். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்போது அந்தப் புல் தோர்ண்டன் ஹீத்தில் என் சாப்பாட்டு மேசைக்கே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை உன் மகள் ஒரு மண்ணிறக் கடித உறையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். உள்ளே விதை. ஆடி மாதம் வயலுக்குள் இறங்கி, கதிரை உருவி உருவிச் சேர்த்ததாம். மருந்து இதற்குக் கேட்குமா என்று பரிசோதிக்க ஒரு உறை அனுப்பிவிட்டாள், இது மிச்சம். இன்று காலை திறந்து மணந்து பார்த்தேன். தூசியும் காய்ந்த வைக்கோலும் மணந்தது. அதற்கு அடியில், சத்தியமாக, மருந்து கலக்கும்போது நீ போடுகிற பச்சைக் கையுறையின் றப்பர் மணமும் வந்தது. உறையை மூடப்போக நாலு விதை மேசையில் சிந்திவிட்டது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி உறைக்குள் போட்டு, அதற்கு மேலே சீனிப் போத்தலைத் தூக்கி வைத்தேன். புல் விதைக்குப் பாரம் வைக்கிற ஆள் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

நீ பார்க்காத கதையைச் சொல்ல வேண்டும். போன மாசியில் நீ விட்டுப்போன இருக்கையில் இப்போது உன் பிள்ளை இருக்கிறாள். சித்திரைக்குள் மருந்தடிக்கிற சான்றிதழை எடுத்துவிட்டாள். குரொய்டன் தாண்டி, சிவப்பு பஸ் திரும்புகிற கடைசித் தரிப்புக்கும் அங்கால் இருக்கிற அதே பண்ணை, அதே முதலாளி, களைமருந்து அடிக்கிற அதே மெசின். மருந்தைத் திறக்கிற மூன்று சுவிச்சுக்கும் மேலே பிளாஸ்ரர் ஒட்டி நீ தமிழில் எழுதி வைத்தாயே, 'இடம்', 'நடு', 'வலம்' என்று, அதைக்கூட அவள் உரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் கதிரையில் இருக்கவுமில்லை. நின்றபடியே சொன்னாள்.

"மாமா, முதலாளி இந்த வருஷம் அந்த ஃபீல்டில கோதுமை போடமாட்டாராம். குதிரை வளர்க்கிற ஆக்களுக்குக் குடுக்கப் போறாராம்."

"ஏன் பிள்ளை? நல்ல நிலமெல்லோ."

"பிளாக்-கிராஸ் அரைவாசிக்கு வந்திட்டுது. ஒண்டில் புல்லுக்கு மருந்து பழகிப்போச்சு, இனிக் கேக்காது. இல்லாட்டி மூண்டு வருஷத்துக்கு முந்தி, அண்டைக்கு, அப்பா பிழையா அடிச்சிருக்கிறார். ரெண்டில ஒண்டுதானாம். மருந்து கேக்காட்டி அவர் இனி ஏன் அடிக்கிறார்? ஃபீல்ட் போனா மெசின் தேவையில்லை. மெசின் இல்லாட்டி நானும் தேவையில்லை."

"பரிசோதனைக்கு அனுப்பினதெண்டாய்?"

"அது வரக் கிழமைக்கணக்காகும். அவர் திங்கள் முடிவெடுக்கிறார்." பிறகு போனை எடுத்து, மருந்தடித்ததை நீ குறித்து வைக்கிற கொப்பியின் படத்தைக் காட்டினாள். அந்த நாளுக்குரிய பக்கம். பேனையால் 'பள்ளப் பக்கம் முழுதும் அடிச்சது' என்று நீ எழுதியிருந்தாய். அதற்குக் கீழே பென்சிலால், பிற்காலத்துக் கோணல் எழுத்தில், 'கலவை பிழைச்சிட்டுது. என்ர பிழை.'

"வேலை போனா வேற தேடலாம் மாமா. இதைத்தான் என்னால பாக்க ஏலாமக் கிடக்கு. அண்டைக்கு அப்பாவோட அங்க நிண்டது நீங்க மட்டும்தானே. ஞாயிறு பூசை முடிய வாறன். என்ன நடந்ததெண்டு யோசிச்சு வையுங்கோ."

இன்று ஞாயிறு. நான் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன்னோடு அந்த மெசினில் பக்கத்து இருக்கையில் எத்தனை சனிக்கிழமை ஏறியிருப்பேன்! மன்னாரில் ஐப்பசியில் விதைப்பதைக் காலபோகம் என்போம். இங்கேயும் ஐப்பசியில்தான் கோதுமை விதைப்பு என்றதும் நீ இங்கிலாந்தின் இலையுதிர்காலத்துக்கும் அதே பெயரைத்தான் வைத்தாய். "காலபோகம் துவங்குது, வாறியோ?" என்று போன் எடுப்பாய். நான் கார்ச் சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவேன். மருந்தை ஊற்றமுன் தாங்கி மூடியில் சின்னதாய் ஒரு சிலுவை போடுவாய். மருந்து முடிந்த வெறும் கானை மூன்று தரம் அலசி, அலசிய தண்ணீரையும் தாங்கிக்குள்ளேயே ஊற்றுவாய். பிறகு மருந்துக் குழாய் பூட்டின மெசினின் இரண்டு சிறகும் விரியும். வயலைப் பார்த்தால் ஒரு பச்சையும் இருக்காது, வெறும் மண். அதற்குப் போய் மருந்து அடிக்கிறானே என்று முதல் தரம் நான் கேலி செய்தது நினைவிருக்கிறதா?

"இல்லாத களைக்கு மருந்தோ? உனக்கு விசரோ?"

"வசந்தத்தில அடிக்கிறவன் புல்லோட சண்டை பிடிக்கிறான். இப்ப அடிக்கிறவன் சண்டைக்கு ஆள் வரமுன்னம் கதவைப் பூட்டுறான்" என்றாய்.

அதை நான் பிறகு என்னுடைய வசனமாக்கி எத்தனை விருந்தில் சொல்லியிருப்பேன்! கறுப்புப் புல் கோதுமையோடு கோதுமையாக முளைக்கும், சின்னதில் தாயாலும் பிரித்துப் பார்க்க ஏலாது. குளிருக்குள் வேரை நன்றாக ஊன்றிவிட்டால் வசந்தத்தில் அடிக்கிற மருந்தைக் குடித்துவிட்டு எழும்பி நிற்கும். கோதுமை அறுக்க முன்னமே தன் விதையை எல்லாம் மண்ணில் கொட்டிவிடும். ஆகவே விதைத்து இரண்டு மூன்று நாளுக்குள், மண் ஈரமாக, கட்டியில்லாமல் இருக்கும்போது, காற்றில்லாத நேரம் பார்த்து அடித்துவிட வேண்டும். முளை வரும்போதே மருந்தில் முட்டிக்கொண்டு வர வேண்டும். இதெல்லாம் நீ சொன்னது. ஸ்ட்ரெதத்தில் ஒரு கலியாண வீட்டில், "இந்த நாட்டுச் சனம் தின்னுற பாணுக்கு நாங்கள் ரெண்டு பேரும்தான் பொறுப்பு" என்று ஒரு டொக்டருக்கு நான் விளக்கிக்கொண்டிருக்க, நீ என் காதுக்குள், "அது கோழித்தீன் கோதுமையடா" என்றாய். நான் விடவில்லை. "கோழியையும் சனம்தானே தின்னுது" என்றேன். டொக்டர் தலையாட்டினார்.

அந்த நாளுக்கு வருகிறேன். மூன்று காலபோகத்துக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் விடியப் பெருமழை என்றார்கள். நீ மேட்டுப் பக்கம் முழுவதையும் அடித்து முடித்து, வயல் வாசல் படலையடியில் மெசினை நிற்பாட்டி இறங்கினபோது உன் பல் கிடுகிடுத்தது. நெற்றியைத் தொட்டேன், அடுப்புச் சட்டி மாதிரி.

"மூண்டு நடைதான் மிச்சம்" என்றாய். "பள்ளப் பக்கம். நாளைக்கு மழை விழுந்தா இந்தக் களிமண்ணுக்குள்ள மெசின் இறங்காது. அதுக்குள்ள புல் வெளிக்கிட்டிடும். பிறகு எல்லாம் கதைதான்."

"தள்ளு. நான் ஓடுறன்."

"உனக்கு லைசென்ஸ் இல்லையடா."

"லைசென்ஸைக் கேட்டோ புல் முளைக்குது? பதின்மூண்டு வயதில வன்னியில ட்ராக்டர் ஓடினவனடா நான். நீ போய்க் காருக்குள்ள படு."

உனக்கு வாதாடப் பலமில்லை. பின் சீற்றில் சுருண்டபடி ஒன்றை மட்டும் இரண்டு தரம் சொன்னாய்: "ஓடைக் கரையில ஆறு மீற்றர் விடு. ஒரு துளி அந்தத் தண்ணியில விழுந்தா என்ர லைசென்சும் போம், முதலாளியின்ர பண்ணையும் போம். அது ஆத்துக்குப் போற தண்ணி. சனம் குடிக்கிற தண்ணி."

நான் ஏறினேன். பக்கத்து இருக்கையிலிருந்து பார்க்கிறபோது அந்த மெசின் சின்னது மச்சான். சுக்கானுக்குப் பின்னால் இருந்து பார்த்தால் அது ஒரு வீடு. இரண்டு பக்கமும் பன்னிரண்டு மீற்றர் சிறகு. பள்ளத்தில் இறங்கும்போது இடப் பக்கச் சிறகு மண்ணைத் தொடுவதுபோல் சரிந்தது. திரும்பிப் பார்த்தேன். மேட்டில் என் காரின் கூரை மட்டும் தெரிந்தது, நீ தெரியவில்லை. ஓடை முன்னால் வெயிலில் மினுங்கிக்கொண்டு கிடந்தது. வாழ்க்கையில் தண்ணீரைப் பார்த்து அப்படிப் பயந்ததில்லை. கடலில் வள்ளம் கவிழ்ந்து மூன்று மணித்தியாலம் நீந்தினவன் நான், அப்போதுகூட.

அந்த நேரம் பார்த்து ஓடைக்கரை நடைபாதையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள். ஆறடி உயரம். கையைப் பிடித்தபடி சிவப்புச் சப்பாத்துப் போட்ட குழந்தை. கன்றுக்குட்டி அளவில் ஒரு நாய் பாய்ந்து ஓடைக்குள் இறங்கித் தண்ணீரை நக்கத் தொடங்கியது. அவள் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். நான் மூன்று சுவிச்சையும் அடித்து நிற்பாட்டினேன்.

இறங்கிப் போனேன். "மடம், மெடிசின். டேஞ்சர். பிளீஸ் கோ" என்றேன், தொப்பியைக் கழற்றிக்கொண்டு. அவள் நன்றி சொல்லி, நாயைச் சங்கிலியில் பூட்டி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். பாதையில் ஆளில்லை என்று உறுதி பார்த்து மறுபடி ஏறி, நூல் பிடித்தமாதிரி மூன்று நடையும் அடித்து முடித்தேன்.

திரும்பி வந்து கார்க் கதவைத் திறந்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, "ஓடை?"

"ஒரு துளி விழேல்ல."

"தாங்கியில மிச்சம்?"

"துடைச்ச மாதிரிக் கிடக்கு."

கண்ணை மூடிக்கொண்டு, "நீ இல்லாட்டி நான் என்ன செய்வனடா" என்றாய்.

அதன் பிறகு வந்த கிழமைகளை நான் யாருக்கும் சொன்னதில்லை. மருந்தடித்த வயலில் ஒன்றும் தெரியாது, அடித்ததும் ஒன்றுதான், அடிக்காததும் ஒன்றுதான். நான் வேலை முடிந்து, கார் யார் கண்ணிலும் பட்டுவிடும் என்று பஸ் ஏறி, அந்த நடைபாதைக்குப் போவேன். நாய் செத்துக் கிடக்கிறதா என்று பார்ப்பேன். ஓடையில் மீன் மிதக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். வீட்டில் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் முதலில் மணந்து பார்த்துத்தான் குடிப்பேன். கதவைத் தபால்காரர் தட்டினாலும் பொலிஸ் என்று நினைப்பேன். ஒன்றும் நடக்கவில்லை. கோதுமை முளைத்தது. பள்ளத்துக்குச் சற்று மேலே ஒரு பட்டை மட்டும் மஞ்சளாய் மெலிந்து நின்றது. நீ அதன் முன்னால் குந்தியிருந்து வெகுநேரம் பார்த்தாய்.

"இது மருந்து கூடின பயிர் மாதிரிக் கிடக்கு" என்றாய்.

நான் குளிர் என்றேன்.

ஆனியில் பள்ளப் பக்கம் கறுத்தது. கோதுமைக்கு மேலால், எலிவால் மாதிரி, கரியநிறக் கதிர்கள். நீ வரம்பில் நின்று அந்த மஞ்சள் பட்டை இருந்த இடத்தையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தாய். அப்புறம் நீயே விடையைக் கண்டுபிடித்தாய்.

"விளங்கிட்டுது. காய்ச்சலோட நான் தாங்கிக்குள்ள சுத்துற கலக்கியைப் போட மறந்திட்டன். மருந்து தாங்கிக்குள்ள ஒழுங்காக் கலங்கேல்ல. ஒரு பட்டைக்குத் தடிச்சுப் போயிருக்கு, மிச்சம் பச்சைத் தண்ணியாப் போயிருக்கு. என்ர பிழைதான்."

நான் சொன்னதென்ன தெரியுமா? "நான் மார்கழியிலேயே சொன்னனெல்லோ" என்றேன்.

அந்தக் கோடையும் அடுத்த கோடையும் பூசை முடிந்த ஞாயிறுகளில் நாங்கள் இருவரும் பெரிய பிளாஸ்ரிக் பைகளோடு இறங்கிக் கையால் பிடுங்கினோம். முதுகு நிமிராது. நீ ஒவ்வொரு பிடுங்கலுக்கும் ஒரு மன்னிப்பு கேட்கிறவன்போல் பிடுங்கினாய். பிடுங்கப் பிடுங்க முன்னமே கொட்டிய விதை மண்ணுக்குள் படுத்திருந்து தன் நேரத்துக்கு எழும்பியது. பின்வந்த இரண்டு காலபோகமும் நீ அளந்து அளந்து, கலக்கியை நாலு தரம் தொட்டுப் பார்த்துத்தான் அடித்தாய். முளைத்ததில் பெரும்பங்கு செத்தது. ஆனாலும் ஒரு வருடம் சும்மா விட்ட மண்ணில் விதை அவ்வளவு கிடந்தது, மிச்சம் தப்பியதே ஒரு படை.

போன மாசி, ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் குழாயோடு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நீ கேட்டாய்: "அண்டைக்கு நான் கலக்கியைப் போட்டனானோடா? எவ்வளவு யோசிச்சாலும் போட்ட மாதிரித்தான் கிடக்கு. ஆனாப் புல் பொய் சொல்லாதே."

வாயைத் திறந்தேன், மச்சான். உன் மனைவி பூக் கொண்டு உள்ளே வந்தா. நான், "விடடா, இதெல்லாம் ஒரு கதையோ" என்று உன் போர்வையை இழுத்து விட்டேன். அதுதான் உன்னோடு நான் கதைத்த கடைசிக் கதை.

இப்போது மணி பதினொன்றேகால். பூசை முடிந்திருக்கும். உன் பிள்ளை பாதிரியாரோடு நின்று கதைத்துவிட்டு, வழியில் எனக்கு மீன் வைத்த மாலுபணிஸ் வாங்கிக்கொண்டு வருவாள், ஒவ்வொரு தரமும் அப்படித்தான். மாமா என்று கூப்பிட்டபடிதான் படியேறுவாள். சொன்ன பிறகும் அப்படிக் கூப்பிடுவாளா என்பதுதான் என் பயம். நாயைவிட, பொலிஸைவிட, அந்த ஓடையைவிட அதுதான். ஆனால் சொன்னால் முதலாளியின் இரண்டில் ஒன்றுக்கும் இடமில்லாமல் போகும். புல்லுக்கு மருந்து பழகவில்லை. நீயும் பிழை விடவில்லை. நாளை அவள் அதை அவரிடம் போய்ச் சொல்லலாம், நானும் கூடப் போவேன். அவளுக்குச் சொல்லமுன் உனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் காலையிலிருந்து எழுதுகிறேன். எழுதுகிறபோதும் பார், பழைய பழக்கத்தில் அந்தப் பொய்யையே மறுபடியும் அழகாக எழுதி வைத்திருக்கிறேன்.

நான் அந்தப் பெண்ணோடு கதைக்கவில்லை. மெசினை விட்டு இறங்கவே இல்லை. அவள் கையைத் தூக்கியது, போகிற வருகிற ட்ராக்டருக்கு எல்லோரும் தூக்குவதுபோலத்தான். அவள் தன்பாட்டில் போய்விட்டாள். போன பிறகும், ஓடைக்குப் பயந்து, மருந்தைத் திறக்க என் கை அந்தச் சுவிச்சுக்குப் போகவில்லை. மேலே இருக்கிற உனக்கு மெசினின் கூரை போய் வருவது தெரியட்டும் என்று, சிறகை விரித்தபடி, சொட்டு மருந்து விடாமல், மூன்று நடையும் வெறுமனே ஓடினேன். பிறகு ஓடையிலிருந்து தள்ளி மேலே வந்து, நீ முன்னமே அடித்து முடித்த மண்ணில் மிச்சத்தையெல்லாம் திறந்துவிட்டேன். அதுதான் அந்த மஞ்சள் பட்டை.

நீ கலக்கியைப் போட்டாய். நான் ஏறியபோது அது சுற்றிக்கொண்டிருந்தது, என் காதால் கேட்டேன். உன் கலவை சரி, மச்சான்.